நல்ல ரேஸரைக் கடைசியில் வாங்குங்கள்

இருபக்கமும் கூருள்ள பிளேடைப் பூட்டிச் சவரம் செய்யும் பழைய முறைக்கு இளைஞர்கள் திரும்பி வருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் அப்பாக்கள் வேறு வழி தெரியாமல் செய்ததை இவர்கள் விரும்பித் தேர்ந்து செய்கிறார்கள். ஆனால் வருகிற தம்பிகளில் பலர் முதல் நாளே ஜெர்மன் ரேஸர், ஜப்பான் பிளேடு, பேட்ஜர் முடி பிரஷ், இத்தாலி சோப்பு என்று மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் கழுத்தெல்லாம் சிவந்துபோகிறது. குற்றம் ரேஸரிலா, பிளேடிலா, கையிலா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு சலூனுக்குப் போய்விடுகிறார்கள். அத்தனையும் நல்ல சாமான்கள் என்பதுதான் வருத்தம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் நுரையை மாற்றுங்கள். இப்போது வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ் ரேஸர் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையை நிறுத்திவிட்டு, ஒரு சாதாரண பிரஷ்ஷும் ஒரு டியூப் ஷேவிங் க்ரீமும் வாங்குங்கள். கோத்ரெஜ், பாமாலிவ், ஓல்ட் ஸ்பைஸ் என்று உங்கள் தெருக்கடையில் எது கிடைக்கிறதோ அது போதும். பீய்ச்சும் நுரையில் காற்றுதான் அதிகம். அது தாடியின் மேல் உட்கார்ந்துகொள்ளுமே தவிர உள்ளே இறங்காது. பிரஷ் அப்படி இல்லை. அது முடியை நிமிர்த்தி, அடிவரைக்கும் தண்ணீரையும் சோப்பையும் கொண்டுபோகும். பழைய ரேஸரே வேறு மாதிரி வழுக்கிக்கொண்டு போவதை ஒரு வாரத்தில் பார்ப்பீர்கள். இந்த ஒரு மாற்றத்தோடு நிறைவடைந்து நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அதில் தப்பே இல்லை.

2. தண்ணீரைக் கவனியுங்கள். இதற்குக் காசே செலவில்லை, ஆனாலும் யாரும் கவனிப்பதில்லை. தாடி முடி காய்ந்திருக்கும்போது மிகவும் கடினமானது. தண்ணீரை உறிஞ்சிய பிறகுதான் இளகும், அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். அதனால் குளித்து முடித்த கையோடு சவரம் செய்யுங்கள். முடியாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் முகத்தை நன்றாக நனைத்துக்கொண்டு சற்றுப் பொறுங்கள்.

இன்னொன்று, தண்ணீரின் குணம். நம் ஊர்களில் பாதிப் பேருக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்பில் உள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைக் கசடாக மாறிவிடும். வாளியின் உட்புறத்தில் படிகிறதே, அதே கசடுதான். சோப்பின் ஒரு பங்கு கசடாகவே போய்விட்டால் நுரை எங்கிருந்து வரும்? சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீட்டில் பொங்கிப் பொங்கி நுரைக்கும் அதே க்ரீம், உப்புத் தண்ணீர் வரும் சென்னைப் புறநகர் வீட்டில் சவசவவென்று கிடக்கும். க்ரீமைக் குறை சொல்லி அடுத்த க்ரீமை வாங்காதீர்கள். குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு நுரை கூட்டிப் பாருங்கள். முகம் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். நுரைக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும்.

3. இதற்குப் பிறகு ரேஸர். முதல் ரேஸர் சாதுவானதாக இருக்கட்டும். தலைப்பகுதியின் விளிம்பு சீப்புப் பல் போல வெட்டுப்படாமல் நேராக இருக்க வேண்டும். தலைத்தகடு, அடித்தகடு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழன்று வந்தால் இன்னும் நல்லது. உள்ளே கெட்டுப்போக எதுவும் இல்லை, கழுவுவதும் எளிது. கைப்பிடியைத் திருகினால் மேலே கதவு போலத் திறக்கிற வகை வசதிதான், ஆனால் அதன் மூட்டுகளில் சோப்புக் கசடு சேரும்.

எது வாங்கலாம் என்று கேட்பீர்கள். ஷெஃபீல்டில் செய்யும் எட்வின் ஜாகரின் டிஇ89, ஜெர்மனியின் ம்யூலே ஆர்89 இரண்டும் உலகம் முழுக்கத் தொடக்கக்காரர்களுக்குச் சொல்லப்படுபவை. இரண்டின் தலைப்பகுதியும் ஏறக்குறைய ஒன்றே. ஸோலிங்கனில் செய்யும் மெர்க்கூர் 34சி-யும் அந்த ரகம்தான். ஆனால் இவற்றையே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியாவில் செய்யும் பித்தளை ரேஸர்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன, முதல் வருஷத்துக்கு அவை தாராளம். வாங்கியதும் ஒரு பிளேடைப் பூட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா? ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். அப்போதும் கோணலாக இருந்தால் அந்த ரேஸர் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. கையைப் பழக்குவது விலைக்குக் கிடைக்காது. கார்ட்ரிட்ஜ் உங்களுக்கு அழுத்தப் பழக்கியிருக்கிறது. 1998-இல் வந்த மாக்-3 கார்ட்ரிட்ஜில் மூன்று பிளேடு, பிறகு ஐந்து பிளேடு என்று கம்பெனிகள் அடுக்கிக்கொண்டே போயின. முதல் பிளேடு முடியைச் சற்று இழுக்க, பின்னால் வருவது தோலுக்குக் கீழேயே அதை வெட்டும் என்பது அதன் தத்துவம். வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளம் போடுவதற்கும் அதுவே ஒரு காரணம். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தில் வெட்டும், அதுதான் அதன் பெருமை. ஆனால் அதை அழுத்தினால் அறுக்கும். ரேஸரின் எடையே போதுமான அழுத்தம். நீங்கள் சேர்க்க வேண்டியது எதுவுமில்லை.

கோணம் பிடிபட ஒரு வழி சொல்கிறேன். ரேஸரின் தலையைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள், கைப்பிடி முகத்துக்கு நேரே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். பிளேடு தோலைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் ரேஸரின் கோணம், கிட்டத்தட்ட 30 டிகிரி வரும். சரியான கோணத்தில் சின்னச் சின்ன இழுப்பாக இழுத்தால் முடி வெட்டுப்படும் சத்தம் சரசரவென்று கேட்கும். சத்தம் நின்றால் கோணம் தவறிவிட்டது என்று பொருள். அதனால் பழகும் நாட்களில் குளியலறையில் பாட்டு வைக்காதீர்கள்.

அதோடு முடியின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் தாடி இருக்கும்போது உள்ளங்கையால் நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் சொரசொரப்பு இல்லையோ அதுதான் முடி போகும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கிப் போகும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது. சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குத் தொண்டைக் குழி அருகே சுழி சுழியாக. முதல் மாதம் முழுக்க முடியின் போக்கிலேயே ஒரு முறை மட்டும் மழியுங்கள். கொஞ்சம் சொரசொரப்பு மிச்சமிருந்தால் இருக்கட்டும். இரண்டாம் மாதம் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு முறை. போக்குக்கு எதிராக மழிப்பது கை நன்றாகத் தேறிய பிறகு. சுருட்டை முடித் தாடி உள்ளவர்கள் கழுத்தில் அதை எப்போதுமே செய்ய வேண்டாம்.

5. மிக மலிவான முன்னேற்றம் பிளேடில் இருக்கிறது. கிங் ஜில்லெட் தன் ரேஸரை விற்கத் தொடங்கிய 1903-இல் மொத்தம் போனது 51 ரேஸரும் 168 பிளேடும். காப்புரிமை 1904-இல் கிடைத்தது. அப்போது பிளேடில் மூன்று துளை. 1930 வாக்கில் நடுவில் நீண்ட பிளவுள்ள இன்றைய வடிவம் வந்து நிலைத்தது. அந்தப் புண்ணியத்தால் இன்று எந்த நாட்டு பிளேடும் எந்த நாட்டு ரேஸரிலும் பூட்டிக்கொள்கிறது. ஒரு கம்பெனியிடம் சிக்கிக்கொள்ளாத சுதந்திரம் அது. பழைய முறையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

எல்லா பிளேடும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் தீட்டிய விதம், விளிம்பில் பூசிய பிளாட்டினம், குரோமியம், டெஃப்லான் ஆகியவற்றால் ஒவ்வொன்றும் முகத்தில் வேறு மாதிரி பேசும். என் முகத்துக்கு ஒத்தது உங்கள் முகத்துக்கு ஒத்துவராது. ஆகவே இந்த விஷயத்தில் என் பேச்சு உட்பட யார் பேச்சையும் கேட்காதீர்கள். முதல் மாதம் முழுவதும் ஒரே வகை பிளேடு, அது டோபாஸோ, செவன் ஓ கிளாக்கோ, வில்கின்சன் ஸ்வார்டோ ஏதாவது ஒன்று. கை பழகிய பிறகு மற்ற வகைகளில் ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்கள். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது இரண்டு பிளேடையாவது முழுசாகத் தீர்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். ஒரே ஒரு சவரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, அன்றைக்கு உங்கள் தூக்கம் கெட்டிருக்கலாம், நுரை காய்ந்திருக்கலாம். ஜப்பானின் ஃபெதர் பிளேடு மிகக் கூர்மையானது, தேறிய கைக்கு அது வரம். மூன்று நான்கு மாதம் கழித்துப் பாருங்கள்.

ஒரு பிளேடு மூன்றிலிருந்து ஐந்து சவரம் வரும். முடியை இழுக்கிறது என்று தோன்றினால் அன்றே மாற்றிவிடுங்கள், சில ரூபாய்க்காகக் கன்னத்தைப் பிறாண்டிக்கொள்ள வேண்டாம். சவரம் முடிந்ததும் பிளேடைத் துண்டால் துடைக்காதீர்கள், முனை மழுங்கும், விரலும் அறும். அலசி உதறி வைத்தால் போதும்.

6. படிகாரம். நம் சலூன்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பொருள் இது. வெளிநாட்டிலிருந்து அழகான உறையில் வருவதை வாங்காமல் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சவரம் முடிந்து குளிர்ந்த தண்ணீரில் முகம் அலசியதும் ஈர முகத்தில் மெல்லத் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சிறு கீறலில் ரத்தம் நிற்கும். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று செய்கிறது: எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ அந்த இடத்தில் நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது நுரை இல்லாமல் இழுத்திருக்கிறீர்கள். தினமும் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் அங்கே கவனமாகப் போங்கள். சுரீர் என்பது நாளுக்கு நாள் குறைந்தால் கை தேறுகிறது. தோல் வறண்டவர்கள் பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ சாதாரண க்ரீமோ தடவிக்கொள்ளலாம். ஆல்கஹால் கலந்த லோஷன் மணத்துக்குத்தான், கட்டாயம் எதுவுமில்லை.

7. க்ரீமில் நுரை கூட்டத் தெரிந்த பிறகு சோப்புக்குப் போங்கள். க்ரீம் மன்னிக்கும், கெட்டிச் சோப்பு மன்னிக்காது. ஆனால் நல்ல சோப்பின் நுரை அடர்த்தியானது, நெடுநேரம் நிற்பது. ஈர பிரஷ்ஷைச் சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றிப் பசை போல எடுத்துக்கொண்டு, கிண்ணத்திலோ நேராக முகத்திலோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் கூட்டுங்கள். கொப்புளம் கொப்புளமாக இருந்தால் தண்ணீர் அதிகம் அல்லது சோப்பு குறைவு. மாவு போலப் பிடித்துக்கொண்டால் தண்ணீர் போதாது. தயிர் போலப் பளபளவென்று வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். தனிக் கிண்ணம் வாங்காதீர்கள், சமையலறையில் ஒதுக்கிப்போட்ட ஒன்று போதும்.

சோப்பு வாங்கும்போது வாசனையைப் பார்ப்பதற்கு முன் உட்பொருளைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடும் பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் அது சவரத்துக்கென்றே செய்தது. குளியல் சோப்பு சோடியம் உப்பு, அதன் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். ஃப்ளோரன்ஸ் நகரத்து மார்டெல்லி நிறுவனத்தின் ப்ரொராஸோ, யூகலிப்டஸும் மெந்தாலும் சேர்ந்தது, நம் சித்திரை வெயிலுக்கு இதமாக இருக்கும். ஒரு டப்பா தீர்ந்த பிறகுதான் அடுத்த டப்பா. இதை மட்டும் மீறாதீர்கள். இந்தப் பழக்கத்தில் பணம் கரைவது ரேஸரில் என்று நினைப்பார்கள். உண்மையில் கரைவது பாதி தீர்ந்த சோப்பு டப்பாக்களில்தான்.

8. பிரஷ். முதலில் வாங்கிய சாதாரண பிரஷ் முடி உதிர்க்கத் தொடங்கியதும் செயற்கை இழை பிரஷ்ஷுக்கு மாறுங்கள். ஊறவைக்க வேண்டாம், நாற்றம் இல்லை, சீக்கிரம் காயும். இத்தாலியின் ஒமேகா போன்றவர்கள் செய்யும் பன்றி முடி பிரஷ் விலை குறைவு, முகத்தில் விறைப்பாக நிற்கும். ஆனால் உபயோகிப்பதற்கு முன் ஊறவைக்க வேண்டும், முடி நுனி பிளந்து மென்மையாக ஓரிரு மாதம் ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கு அது மிக நல்ல பிரஷ். பேட்ஜர் முடிக்கு என் ஓட்டு இல்லை. இன்று செயற்கை இழையே அந்த மென்மையைக் கொடுக்கும்போது, ஒரு காட்டு விலங்கின் தோலிலிருந்து எடுத்த முடிக்கு அத்தனை பணம் கொடுப்பது தேவையில்லை என்பது என் கருத்து.

பழைய சாமான் கடையில் பழைய பிரஷ் வாங்கவே வாங்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடியால் செய்த பிரஷ்களால் சிப்பாய்களுக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. ரேஸரைப் பழையதாக வாங்கலாம், பிரஷ்ஷைக் கூடாது.

9. விலையுயர்ந்த ரேஸர் இப்போது வரலாம். ஆறேழு மாதம் ஆகியிருக்கும். உங்கள் நுரை, பிளேடு, கை மூன்றும் நிலைப்பட்டிருக்கும். இப்போது புது ரேஸர் வாங்கினால் அது செய்யும் வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். முதல் நாளே வாங்கியிருந்தால் அது தெரிந்திருக்காது.

குறை என்ன என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தாடி அடர்த்தியாக, இரண்டு முறை மழித்தும் மிச்சம் நிற்கிறதென்றால் இன்னும் சற்று வீரியமுள்ள ரேஸர் வேண்டும். எவ்வளவு வீரியம் என்று தெரியாவிட்டால் ராக்வெல் 6சி போல ஆறு அளவுக்குத் தகடு மாற்றிக்கொள்ளும் ரகம் உதவும். முலாம் உரிந்துவிட்டதென்றால் துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒன்று வாங்குங்கள், பேரன் காலம்வரை உழைக்கும். விலை குறைந்த பல ரேஸர்களின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்து குரோமியம் பூசியது. முலாம் போனால் உலோகம் அரிக்கும், கீழே விழுந்தால் திருகு ஒடியும். குறை எதுவும் சொல்லத் தெரியவில்லை என்றால் புது ரேஸர் தேவையில்லை, இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய ஜில்லெட் கிடக்கலாம். 1938-இல் வந்த டெக், 1947-இல் வந்த சூப்பர் ஸ்பீட் போன்றவை இன்றைய புது ரேஸர்களோடு சரிசமமாக நிற்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூன்றாவது அறிவுரையில் சொன்னபடி பிளேடு நேராக உட்காருகிறதா என்று பாருங்கள். முலாம் உரியும் என்பதால் புளியோ அமிலமோ போட வேண்டாம்.

10. நீளக் கத்திக்கு அவசரப்படாதீர்கள். அதற்குத் தோல்பட்டையும் சாணைக்கல்லும் தீட்டத் தெரிந்த கையும் வேண்டும், அது வேறு படிப்பு. பிளேடைப் பாதியாக உடைத்துப் பூட்டுகிற சலூன் கத்தியும் பார்க்க எளிதாகத் தெரியும், எளிதல்ல. அதற்குப் பதில் உங்கள் ஊர் சலூன் அண்ணனிடம் ஒரு முறை சவரம் செய்துகொண்டு, அவருடைய இடது கையைக் கவனியுங்கள். தோலை எங்கே எப்படி இழுத்துப் பிடிக்கிறார் என்பதுதான் அவருடைய வித்தை. கேட்டால் மனம் திறந்து சொல்லிக்கொடுப்பார்.

11. விமானப் பயணத்தில் பிளேடைக் கைப்பையில் விடமாட்டார்கள். ரேஸரைக் கழற்றிப் பிளேடை எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள், போகும் ஊரில் பிளேடு வாங்கிக்கொள்ளலாம்.

12. தீர்ந்துபோன பிளேடைக் குப்பையில் போடாதீர்கள். காகிதத்தில் சுற்றினாலும் போடாதீர்கள். நம் தெருக்களில் குப்பையை இன்னமும் கையால் தரம் பிரிக்கிறார்கள், பல பேருக்குக் கையுறையும் இல்லை. மூடியுள்ள ஒரு தகர டப்பாவை எடுத்து, மூடியில் உண்டியல் போல ஒரு கீறல் போட்டு, பழைய பிளேடை எல்லாம் அதற்குள் தள்ளுங்கள். நிறையப் பல வருஷம் ஆகும். நிறைந்ததும் கீறலை அடைத்து, உள்ளே பிளேடு என்று மேலே பெரிதாக எழுதி, பழைய இரும்பு வாங்குபவரிடம் சொல்லியே கொடுங்கள். புது ரேஸர் வாங்குவதற்கு முன் இந்த டப்பாவைத் தயார் செய்துவிடுங்கள் தம்பிகளே, இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.